வீட்டுல யாரும் இல்ல

திங்கக்கிழமை காலையில பத்து வெள்ளச் சட்ட வரும்.
அஞ்சு சின்னது, அஞ்சு பெருசு.
பெருச விரிச்சா
தள்ளுவண்டிப் பலகை பத்தாது,
ஒரு கை எப்பவும் வெளிய தொங்கும்
யாரையோ கூப்பிடுற மாதிரி.

சின்னது ராஜமுந்திரிப் பையன், கண்டவள்ளி.
பெருசு டோங்கா.
அது எங்க இருக்குன்னு கேட்டேன்.
தேச்சு வச்ச பெட்ஷீட்டுல
விரலால கடலா வரைஞ்சான்,
வரைஞ்சுக்கிட்டே போனான்,
கடைசியில ஓரத் தையல்கிட்ட ஒரு புள்ளி.

பேரு தௌஃபா. வயசு பத்தொம்பது.
நெஞ்சுல குத்துன பேட்ஜுல மட்டும் எல்டர்.
அப்படின்னா மூத்தவராம், என் மக சொன்னா.
எம் மூத்தவனுக்கே இருபத்தொண்ணு.
‘வாங்க மூத்தவரே’ம்பேன்.
பல்லு அம்புட்டும் தெரியும் அவனுக்கு.

ஒருத்தன விட்டு ஒருத்தன் போகக் கூடாதாம்.
பீபீகுளம் சந்தையில தக்காளி வாங்கவும் சோடிதான்.
டீ குடிக்க மாட்டாக, காப்பியும் கெடையாது.
மதுரையில டீ வேணாம்னு சொல்லிட்டு
எத்தன வீட்டுல பகையச் சம்பாதிக்கிறது?
நான் தண்ணி குடுத்தேன்.
குடிச்ச சொம்ப அவனே கழுவிக் கவுத்துனான்.

எங்க வீட்டுக்காரரு கைலிய மடிச்சுக் கட்டுனா
வச்ச கண்ணு வாங்காமப் பாப்பான்.
அவுக ஊருல சர்ச்சுக்கே இப்படித்தானாம்,
மேல ஒரு பாய வேற சுத்திக்கிருவாகளாம்.
இங்க பேண்ட்டு.
சித்திர வெயில்ல
கழுத்து வரைக்கும் இறுக்குன டை.

ஒரு சாயங்காலம் வந்து நின்னான்.
‘யக்கா, ஒரு சந்தேகம்.
கதவத் தட்டுனேன்.
வீட்டுல யாரும் இல்லன்னு
உள்ள இருந்து சொன்னாங்க.
சொன்னது யாரு?’
கரிய ஊதிக்கிட்டு இருந்தவ
சிரிச்ச சிரிப்புல
சாம்பல் பூரா அவன் சட்டையில.

அதுக்கப்புறம் தெனமும் கணக்கு ஒப்பிப்பான்.
அப்புறம் வாங்க, பதிமூணு.
நாயி, ரெண்டு.
யாரும் இல்ல, ஏழு.
ஒரு வீட்டுல உக்கார வச்சு, ஃபேன் போட்டு,
கடவுளப் பத்தி ஒண்ணும் கேக்காம
கேஸ் சிலிண்டர மாடிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாக.
‘நல்ல நாளு’ன்னான்.

அழகர் ஆத்துல எறங்குன அன்னிக்குத்
தெருவே வைகைக்குப் போயிருச்சு.
கூட்டத்துக்குள்ள போகாதீகன்னு இவுகளுக்கு ஃபோனு.
எனக்குக் கல்யாண வீட்டுத் துணி குவிஞ்சு கெடந்துச்சு.
சும்மா இருக்க மாட்டாம
வரிசையா தட்டிட்டு வர்றான்.
பூட்டு. பூட்டு. பூட்டு.
வண்டி நெழல்ல வந்து நின்னு
‘இன்னிக்கு நெசமாவே யாரும் இல்ல’ன்னான்.
கொரலு சரியில்ல.
கண்டவள்ளிதான் சொன்னான்,
இவன் அக்காவுக்கு அங்க இன்னிக்குக் கல்யாணம்.
ரெண்டு வருசம் முடியாம ஊருக்குப் போக முடியாது.

பெட்டிய நிமித்தி வச்சேன்.
தங்கச்சி கல்யாணத்துக்குக் கெளம்பி வந்து
அதுக்குள்ள தாலி கட்டியாச்சுன்னு கேட்டு
ஆத்தோட திரும்பிப் போறவருதாய்யா எங்க சாமின்னேன்.
‘கோவமா?’ன்னான்.
கோவந்தான்.
‘அப்புறம்?’
அப்புறம் என்ன, அடுத்த வருசமும் வாராரு.
கொஞ்ச நேரம் பேசல.
பாக்கெட்டு நோட்ட எடுத்து என்னமோ எழுதிக்கிட்டான்.
எங்கயோ வேட்டுச் சத்தம்.
நான் ஒரு பட்டுச் சேலைக்குத் தண்ணி தெளிச்சேன்.

ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு வாங்க யக்கான்னு
எத்தனையோ தடவ கூப்பிட்டான்.
வேல இருக்குன்னேன்.
நெசமாவே இருந்துச்சு, பாதி ஞாயிறு.

வைகாசியில பெங்களூருக்கு மாத்திட்டாக.
சனிக்கிழம ராத்திரி ஃபோனு, செவ்வாக்கிழம ரயிலு.
இப்பப் பத்துச் சட்டையும் சின்னது.
பலகையில எடம் கெடக்கு.

புதுப் பையன் படியெறங்கும்போதே சொல்லிட்டேன்:
நாலாம் நம்பர் வீட்டுல ஆளு இருக்கும்.
இல்லன்னுதான் சொல்லும்.
இன்னொரு தடவ தட்டு.