கண்ணுக்குச் சொட்டு

காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம்
என் மருந்துக்கடை, எட்டடிக்குப் பத்தடி.
கலெட் என்ற துரையின் பேர் தேய்ந்துதான்
காலடி ஆனதாம். யாரோ இருமல் மருந்து வாங்க வந்தவர்
சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டில் இருந்தது: தாயாரம்மா, வயது எழுபத்தொன்று.
கண் உலர்வு. செயற்கைக் கண்ணீர்,
நாளுக்கு நாலு வேளை, இரண்டு கண்ணிலும்.
கடன் நோட்டில் நான் எழுதுவது: மாடி அம்மா.
பிரஷர் மாத்திரை பத்தாக வாங்கமாட்டார்.
நாலு வெட்டச் சொல்வார்,
வெட்டும்போது தேதி போட்ட பக்கத்தைத் தனக்குக் கேட்பார்.
"எதுவரைக்கும் நல்லதுன்னு எனக்கும் தெரியணுமில்ல."

ஒரு ஆடி மதியம். கடை டிவியில்
கறுப்பு வெள்ளையில் ஒருத்தி
குளத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சிரித்தாள்.
பையன் மோசஸ் திரையைப் பார்த்தான்,
கவுண்டரைப் பார்த்தான்,
மறுபடி திரையைப் பார்த்தான்.
அந்த மோவாய்க் குழி. இடது புருவம் ஏறுகிற விதம்.
இந்துகலா.
என் அப்பா பர்ஸில் பத்து வருஷம் வைத்திருந்த முகம்.
அம்மா ஒருநாள் அடுப்பில் போட்ட முகம்.

அவர் ஒருமுறை நிமிர்ந்தார்,
பஸ் நம்பர் பார்ப்பதுபோல.
"அந்தச் சிரிப்புக்கு எட்டு டேக்.
முந்தின நாள்தான் புரசைவாக்கத்துல ஒரு நர்ஸம்மா வீட்டுல
மூணு மாசத்தைக் கழிச்சிட்டு வந்திருந்தேன்.
ஓடும்மா ஓடும்மாங்கறார் டைரக்டர்.
வெள்ளைப் புடவை வேணாம்னு மட்டும் கேட்டேன்.
அடர் சிவப்பு குடுத்தாங்க. பாரு, கறுப்பாத் தெரியுது."
பிறகு, "சில்லறை இல்லையா?" என்றார்.

மீதியும் வந்தது, மாதக்கணக்கில்,
மாத்திரை மாதிரி வெட்டி வெட்டி. வரிசையில் இல்லை.
செக்கெல்லாம் அண்ணன் ராமானுஜலு வாங்கிக்கொண்டது.
கையெழுத்துப் போடக் கற்றது முப்பத்திரண்டில்,
அதுவும் வீட்டை விற்க.
தாலி கட்டாத ஒருவர், படம் எடுப்பவர்,
ஞாயிறு மட்டும் வருபவர்.
அவர் செத்த அன்று தெருமுனையில் டாக்சிக்குள் உட்கார்ந்து
மீட்டர் ஓடுவதைப் பார்த்தது.
பதினாறு ரூபாய் ஆனதும் திரும்பிவிட்டது.

"அழுதீங்களா?" மோசஸுக்கு வாய் நிற்காது.
"டாக்டர் அப்பவே பார்த்திருந்தா அப்பவே சொல்லியிருப்பார்,"
சொட்டு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இறங்கிப் போனார்.

மாசியில் ஒருவன் வந்தான், தோளில் கேமரா பை.
"பழைய நடிகை இந்துகலா இந்த ஏரியாவுல
வறுமையில் வாடுறதா..."
எனக்கு ரத்தம் ஏறியது.
அப்படி யாரும் இல்லை என்றேன்.
மாடியில் இருப்பது தாயாரம்மா,
அவருக்குப் படம் பார்க்கிற பழக்கமே கிடையாது.
கார்டை வைத்துவிட்டுப் போனான்.
அன்றிரவு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஷட்டரை இறக்கினேன்.

மறுநாள் சொன்னேன், ஒரு சபாஷை எதிர்பார்த்து.
அவர் கண்ணாடி மேல் விரலால் தட்டினார்.
"எவ்வளவு குடுப்பானாம்?"
நான் கேட்கவில்லை.
"கேட்காம எப்படிறா அனுப்புவே?
மூணு மாச வாடகை நிக்குது. உன் நோட்டிலேயே
நானூத்தி எழுபது. கௌரவம் என்னோடதுப்பா.
வைக்கிறதும் விக்கிறதும் நான் பாத்துக்கறேன்."

கார்டு குப்பைக்கூடையில் கிடந்தது,
காலி அட்டைப்பெட்டிகளுக்கு அடியில்.
மோசஸ் சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.
கடை போனிலேயே பேசினார். கூன் அப்படியே,
முழங்கால் வலிக்குச் சுவரில் சாய்ந்த தோளும் அப்படியே.
குரல் மட்டும் நாற்பது வருஷத்தை உதறிவிட்டு வந்தது.
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி
ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.
"வெள்ளிக்கிழமை ஆகாது, தண்ணி லாரி வர்ற நாள்.
சனிக்கிழமை வாங்க. பணம் முன்னாடி.
லைட்டு மூஞ்சிக்கு நேரா வேணாம்,
இடது பக்கமா வையுங்க."

போனை வைத்தார்.
"இந்தத் தடவை ரெண்டு பாட்டில் குடு.
எப்படியும் அழச் சொல்லுவான்."

மோசஸ் அலமாரியிலிருந்து எடுத்தான்.
நான் எழுதினேன்:
மாடி அம்மா, சொட்டு, இரண்டு.