நாற்பத்தொன்று

மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
ஜன்னலைத் திறந்தால் உப்பு,
மூடினால் மின்விசிறியின் கரகரப்பு.
ஆகவே இங்கே எதையும் பதிவுசெய்வதில்லை,
சின்தசைசரில் செய்துகொள்கிறேன்.

கடலை, உதாரணமாக:
வெறும் இரைச்சலை எடுத்து, மேலே வடித்து,
ஏழு விநாடிக்கொருமுறை எழுந்து தாழவிட்டால்
டச்பே.
நாலு விநாடியாக்கி அடிக்கனம் கூட்டினால்
வாடைக்காலத்து உப்புவெளி.
உள்துறைமுகத்தில் எதுவுமே எழக் கூடாது;
மிதவைச் சங்கிலியின் ஒரு கிணுக்கு போதும்.

விளையாட்டில் ஒரு படகு, கரை சேராத மீன்பெட்டிகள்,
இரவில் டைனமைட் போடும் களவுக்காரர்.
நிரல் எழுதுவது துவாரகன், சாம்பல்தீவு.
மலிவு ஃபோனிலும் ஓட வேண்டுமாம்.
சத்தத்துக்கு அவன் தந்தது இருநூறு கிலோபைட்,
ஒரு கல்யாணப் படம்கூட அதற்குள் அடங்காது.

அதனால் அலையை வைப்பதில்லை.
அலையைச் செய்யும் குறிப்பை வைக்கிறேன்:
எவ்வளவு சீக்கிரம் எழும், எங்கே தாங்கி நிற்கும்,
விரலை எடுத்தபின் எவ்வளவு நேரம் போகாமல் இருக்கும்.
ஒரு சத்தத்துக்கு அறுபத்துநாலு எண்கள்,
நூற்றிருபத்தெட்டுச் சத்தம் ஒரு பேங்க்,
எல்லாம் சேர்ந்து எட்டே கிலோபைட்.
மிச்சத்தில் நாலு விநாடிக்கு ஒரேயொரு நிஜம்:
கோட்டை வாசலில்
வாழைப்பழத்தோல் மெல்லும் மான்.

பெயர்வைப்பதில் நான் கறார்.
‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘சத்தியமாய் இறுதி’
எல்லாவற்றையும் அழித்தாயிற்று.
இப்போது இடம், பொருள், செயல்:
கடல்_கயிறு_இழு.
முதலில் நீர், பிறகு மரம்,
நாற்பதில் காகம், நாற்பத்தொன்றில் கடற்காகம்,
நாற்பத்திரண்டில், வேறு இடமில்லாததால்,
பெருவெடி.

வெள்ளி பின்னேரம் துவாரகன் பஸ்ஸில் வந்தான்.
பெரிய ஸ்பீக்கரில் பொருத்தினோம்.
ஜன்னல் திறந்திருந்தது.
நாற்பத்தொன்றை விடு, என்றேன்.

அவன் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குகிறது,
என்னுடையது ஒன்றில்.

கீழே ஷட்டர் பாதிவரை இறங்கிற்று.
ஒருவரும் கத்தவில்லை.
ஓர் ஓட்டோ எஞ்சினை அணைத்தது.
அமலநாயகம் கையில் பெனடோல் அட்டையோடு
ஷட்டருக்கடியில் குனிந்து
முதலில் வானத்தைப் பார்த்தார்,
பிறகு என் ஜன்னலை.
கேம் அண்ணை, சும்மா கேம், என்றேன்.
தலையாட்டினார்.
ஷட்டரை மறுபடி முழுதாய் ஏற்ற
அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

துவாரகன் ஒரு வரியில் ஒன்றைக் கழித்தான்,
கடற்காகம் கடற்காகமாய்க் கத்தியது.
அவனுக்கு வேலை முடிந்தது.

நான் நாற்பத்திரண்டைத் திறந்தேன்.
எழுச்சி பூச்சியம். அடிக்கனம் உச்சம்.
வால் நீளம், கட்டடங்களுக்கிடையே திரும்பித் திரும்பி வருவதுபோல.
நடுக்கடலில் ஏது கட்டடம்?
தண்ணிக்குள் வெடித்ததை
நான் ஒருநாளும் கேட்டதில்லை.
பிறகு எதைப் பார்த்து இந்த எண்களை வைத்தேன்?

புதிதாய் ஒன்று செய்தேன்: மேலே முழுக்க வெட்டி,
மந்தமாய், தூரத்தில் யாரோ
ஈரக்கதவைச் சாத்துவதுபோல.
பழையதை அழிக்கக் கை வரவில்லை.
பேங்கின் கடைசி இடத்துக்குத் தள்ளினேன்,
எந்தப் படகும் எந்தப் பாறையும் அதை அழைக்காது.

சரியான எண் சொல்லுங்கோ அக்கா, என்றான் துவாரகன்,
நூற்றிருபத்தெட்டா, நூற்றிருபத்தேழா?