ஒரு வருடக் கட்டு

அந்தச் சுகாதார நிலையத்தில்
தரை துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள்.
இரண்டு மொழி தெரியும் என்பதால்
மொழிபெயர்க்கவும் சொன்னார்கள்.
சம்பளம் தரைக்கு மட்டும்.

அபுரிமாக் மலைமேல் மழை விட்டிருந்த மாதம்.
லாரியில் வந்து இறங்கினார்கள் டாக்டர்கள்,
கூடவே ஒலிபெருக்கி, கலர்க் கொடிகள்,
வருகிறவளுக்கு ஒரு பை அரிசி, எண்ணெய்.
சுவரில் ஒரு தாள்:
இம்மாதம் முப்பது.
இருபத்தாறு வரை
சிவப்பு மையில் கோடு விழுந்திருந்தது.

இருபத்தேழாவது, ஃபோர்த்துனாத்தா கோரிமான்யா.
மூன்று மணி நேரம் நடந்து வந்தவள்.
முதுகுத் துணியில் நான்கு மாதப் பிள்ளை.
பிள்ளைக்குத் தடுப்பூசி என்று
யாரோ சொல்லி வரவழைத்திருந்தார்கள்.

"குழாயைக் கட்டுகிறோம்,
கையெழுத்துப் போடச் சொல்"
என்றார் டாக்டர், ஸ்பானிஷில்.

கெச்சுவாவில்
வாட்டாய் என்றால் கட்டு.
வாட்டா என்றால் வருடம்.
ஒரு விதைப்புக்கும் மறு விதைப்புக்கும் நடுவே
போட்ட முடிச்சுதான் வருடம் என்று
நினைத்திருப்பார்களோ என்னவோ
அந்த மொழியைச் செய்தவர்கள்.

"ஒரு வருடத்துக்கா?" என்று கேட்டாள்.
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் தலையாட்டினேன்.

இல்லை,
இதை இப்படித்தான் இத்தனை நாள்
எனக்கே சொல்லி வந்திருக்கிறேன்.
தலையாட்டவில்லை.
"ஆமாம்" என்றேன், வாய்விட்டு.

அவள் கட்டைவிரலில் மை தடவியது நான்.
பிறகு துடைக்கத் துணி கொடுத்ததும் நான்.
அறுவை முடியும்வரை
அந்தப் பிள்ளையை வைத்திருந்ததும் நான்தான்.
பாலுக்கு அழுதது.
என் விரலைக் கொடுத்தேன்.

மறு வருடம் உருளைக்கிழங்கு தோண்டும் நாளில் வந்தாள்.
முதுகுத் துணி
மடித்துக் கக்கத்தில் இருந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
"வருடம் ஆயிற்று,
அவிழ்த்துவிடச் சொல்" என்றாள்.

மாட்டை அவிழ்க்கலாம்.
மூட்டையை அவிழ்க்கலாம்.
இது அவிழாது என்று சொல்ல
எங்கள் மொழியில் சொல் இல்லாமல் போகவில்லை.
டாக்டர் ஊரில் இல்லை என்றேன்.
அதுவும் உண்மைதான்.

இப்போது எனக்கு அறுபத்தொன்று.
விடிவதற்கு முன், ஐந்து மணிக்கு,
வானொலியில் பேசுகிறேன்.
அடுப்பு மூட்டுகிற பெண்கள் கேட்கிறார்கள்.
'கட்டு' என்று நான் சொல்வதே இல்லை.
'இனி எந்த வருடத்திலும் பிள்ளை வராது' என்கிறேன்.
நீளமாக இருக்கிறதே என்கிறான் ஒலிப்பதிவுப் பையன்.
இருக்கட்டும்.

புரியாத தாளில் விரல் வைக்காதே.
புரிந்தாலும் வீட்டுக்குப் போய் யோசி.
மாத்திரை வேண்டுமா, கேட்டு வாங்கு.
இனிப் பிள்ளை வேண்டாமா, அது உன் முடிவு,
உன் புருஷனுடையதோ
சுவரில் ஒட்டிய தாளுடையதோ அல்ல.
காலையில் சரி என்றவள்
கட்டிலில் ஏறியபின் மாட்டேன் எனலாம்.
மாதவிலக்கு நின்ற பின்னும் ரத்தம் கண்டால்
வெட்கத்தை வாசலில் கழற்றிவிட்டு
நர்ஸைப் போய்ப் பார்.
அரிசி வேறு. உடம்பு வேறு.

கடிதங்கள் வரும். ஒருத்தி சீஸ் அனுப்பினாள்.
ஃபோர்த்துனாத்தாவின் வீட்டிலும் வானொலி உண்டு என்று
யாரோ சொல்லித் தெரியும்.
அணைத்துவிடுவாளாம், என் குரல் வந்தால்.

போன மாதம் தேவாலயக் கூடத்தில் மேசை போட்டு
லிமாவிலிருந்து வந்த வக்கீல் பெண்
சாட்சியம் எழுதினாள்.
மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.
இந்த முறை சம்பளம் உண்டு.
வேண்டாம் என்றேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

பதினோராவது ஆளாக அவள்.
முடி வெளுத்திருந்தது.
என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவாள் என்றிருந்தேன்.
நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டாள்.

வக்கீல் கேட்டாள்:
"ஒரு வருடத்துக்குத்தான் என்று
உங்களிடம் சொன்னது யார்?"
கெச்சுவாவில் கேட்டேன், ஒரு சொல் குறையாமல்.

ஃபோர்த்துனாத்தா விரலை நீட்டவில்லை.
மேசைமேல் கட்டைவிரல் அப்படியே கிடந்தது.

"இவள்" என்றாள்.

"நான்"
என்று மொழிபெயர்த்தேன்.