சலவைக் கணக்கு

ஏப்ரல் இரண்டாம் சனி. ஹலிஃபக்ஸில் இன்னும் பனி.
செம்மஞ்சள் பந்தால் ஆடினார்கள்.
ஞாயிறு காலை பன்னிரண்டு பைகள் வந்திறங்கின.
முதல் பையின் வாயை அவிழ்த்ததும்
வேர்வையும் நோவுத்தைலமும் கலந்த மூச்சு
முகத்தில் அடித்தது.
சரி, தொடங்கிவிட்டது பருவம் என்றேன்
இயந்திரத்திடம்.

எனக்குக் கால்பந்து தெரியாது.
ஓஃப்சைட் என்றால் என்னவென்று டொரீன்
சவர்க்காரப் பெட்டிகளை அடுக்கி மூன்று தரம் காட்டினாள்.
மூன்று தரமும் தலையாட்டினேன்.
தெரிந்தது இவ்வளவுதான்:
நாலாம் எண் விழுவது எப்போதும் இடப்பக்கம்.
ஒன்பது, தோற்கிற நாளில் கொலரைக் கடிப்பான்,
பல் தடம் இருக்கும்.
கோல்காப்பாளன் எமிலியானுக்கு
ஜூன் வரைக்கும் முழங்கையில் இரத்தம்.
குளிர்ந்த தண்ணீர், உப்பு, பொறுமை.
சூடு பட்டதோ, இரத்தம் அந்தத் துணியில்
நிரந்தர வதிவுரிமை எடுத்துவிடும்.

எங்கள் திடல் செயற்கைப் புல்.
காலுறையைப் புரட்டினால் கறுப்பு ரப்பர் மணிகள்
கடுகுபோல் கொட்டும்.
ஒருநாள் வீட்டில் தாளிக்கையில்
கையில் ஒட்டியிருந்த ஒன்று எண்ணெயில் விழுந்து
வெடிக்காமலே கிடந்தது.

மே மாதம் இரண்டாமிடம்.
பேருந்துச் சாரதிகள்கூட எங்கள் கழுத்துப்பட்டியோடு.
ஜூலையில் ஏழு ஆட்டம், ஒரு வெற்றி,
பேருந்தில் யாருடைய கழுத்திலும் ஒன்றுமில்லை.
பதினேழாம் எண் ஒருநாள் பையில் வரவில்லை.
கல்கரிக்கு விற்றாயிற்று என்றாள் டொரீன்.
அவனுடைய ஒற்றைக் காலுறை
உலர்த்தியின் ரப்பர் மடிப்புக்குள்
ஒகஸ்ட் வரை சுருண்டிருந்தது.

இருபத்துமூன்றின் சட்டை மட்டும்
போனபடியே திரும்பும், மடிப்புக் கலையாமல்.
அன்டிகொனிஷ் பொடியன், ரோரி மக்கிலிவ்ரே.
பத்தொன்பது வயது. பதிலிகளின் வரிசையில் கடைசி நாற்காலி.
பையில் வந்த எல்லாவற்றையும் துவைக்கவேண்டும் என்பது விதி.
துவைத்தேன், ஐந்து மாதம்,
அழுக்கில்லாததை அழுக்கோடு சேர்த்து.
மற்றவர்களின் ஆட்டத்தில் அதுவும் வெளிறியது.

செப்டெம்பர். மேற்குக் கரையில் ஆட்டம்.
அங்கே இரவு ஏழு, இங்கே பதினொன்று.
நகுலேசன் டாக்சியோடு விமான நிலையத்தில்.
தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்தேன்.
மூன்றுக்குப் பூச்சியம், அவர்களுக்கு.
பன்னிரண்டே முக்காலுக்குப் பலகையில்
இருபத்துமூன்று ஒளிர்ந்தது.
குசினியில் தனியாக எழுந்து நின்றேன்.
நாலு நிமிடம்.
பந்து அவனிடம் இரண்டு தரம் வந்தது.
ஒரு தரம் சறுக்கிப் பறித்தான்.
வர்ணனையாளர் வேறொருவன் பெயரைச் சொன்னார்.
அங்கே நிசப் புல்.

செவ்வாய் காலை, வலது விலாவில்
ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை.
புல்லின் கறை பிடிவாதக்காரக் கறை:
வெள்ளை வினாகிரி, அரை மணி நேரம், மென்தூரிகை,
இழையோட்டத்தின் வழியே, ஒருபோதும் குறுக்கே அல்ல.
போய்விட்டது.
அந்த வருடத்தின் மிகச் சிறந்த சலவை அது.

மத்தியானம் கதவில் ரோரி.
சட்டையைக் கேட்டான், கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான்.
விலாப்பக்கத்தை விரலால் தடவினான்,
பூட்டிய கடையின் கண்ணாடியில் தடவுகிறவன்போல்.
நன்றாக வந்திருக்கிறது என்றான்.
நல்ல வளர்ப்பு.
போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.
அன்றைக்கு மிச்சப் பைகளை
நான் மாலைவரை அவிழ்க்கவில்லை.

ஒக்டோபரில் முடிந்தது. எட்டு அணிகளில் ஆறாவது.
நவம்பர், எண்களைச் சூடு காட்டி உரிக்கும் மாதம்.
இரண்டு ஒரே இழுவையில் வந்தது.
மூன்று கொஞ்சம் மல்லுக்கட்டியது.
உரித்துப் போட்டபிறகு பார்க்கிறேன்,
சட்டை முழுக்க வெளிறியிருக்க
எண் இருந்த இடம் மட்டும் கடைநிறத்தில்,
இருபத்துமூன்று என்றே.

இதைப் பயிற்சிக்குக் கொடுக்கவேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள் டொரீன்.
ஓஃப்சைட் என்றேன்.