நாற்பது

எண்ணெய் ஊறிய சாக்கில் கிடத்தியிருக்கிறது
என் பெட்ஃபோர்டின் கிராங்க்.
கடலூர் முதுநகர், ஜலாலுதீன் லேத்,
கரண்ட் போன மத்தியானம்.

"முப்பது ஏற்கெனவே எடுத்தாச்சு.
இன்னொரு பத்து எடுக்கலாம். அதோட சரி.
அப்புறம் பேரிங் கிடைக்காது."
மைக்ரோமீட்டரை பனியனில் துடைக்கிறார் பாய்.

சிப்காட் பக்கம் ஒருத்தன்
லேலண்ட் இன்ஜின் கழற்றி வைத்திருக்கிறான்.
எண்பதாயிரம்.
மவுண்டிங்கை அறுத்துப் பற்றவைத்தால் உட்கார்ந்துவிடும்.
கூலிக் கணக்குப் பார்த்தால் அதுதான் சரி,
ஐஸ் காத்திருக்காது, நெத்திலியும்.

சும்மா இருக்க முடியாமல்
பிளாக்கில் அப்பியிருந்த உப்பைச் சுரண்டினேன்.
ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அதே நம்பர்,
கடைசி ஏழு மட்டும் கோணல்.
நான் பிறப்பதற்கு முன்
எவனுக்கோ ஒரு நொடி
சுத்தியல் வழுக்கியிருக்கிறது.

கரண்ட் வந்துவிட்டது.
அணைக்க மறந்த லேத்
வெறும் காற்றைக் கடைந்தது.
பாய் என்னைப் பார்த்தார்.

"பத்து எடுங்க."

"அடுத்த தடவை?"

பதில் சொல்லவில்லை.
சாக்பீஸால் இரும்பில் 40 என்று எழுதினார்,
அட்டவணையில் அதற்குக் கீழே வரி கிடையாது.

சிப்காட்காரன் நம்பரை
போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை.