கழுத்து நீட்டிப் பறப்பது

முதல் டிசைனில் டிராகன் இருந்தது.
ஐந்து நகம், மேகம், அலை, பியோனிப் பூ,
மூலைக்கு மூலை இரட்டை மகிழ்ச்சி எழுத்து,
எல்லாம் தங்க ஃபாயில்.
கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி
ஒரு மதுப்புட்டிக்கு அட்டைப்பெட்டி.

சிங்கப்பூரிலிருந்து லியூ
திரையில் அதைப் பார்த்தாள். காப்பி குடித்தாள்.
"எடுங்கள்" என்றாள்.
எதை என்று சொல்லவில்லை.

கணபதியில், லேத்துப் பட்டறைக்கு மேல்மாடியில்
பதினொரு நாள் எடுத்துக்கொண்டே இருந்தேன்.
செவ்வாய்க்கிழமை நகங்கள் போயின.
புதன் மேகம்.
வியாழன் முழுநாள் மின்தடை,
பூக்கள் பிழைத்துக்கிடந்தன.
வெள்ளிக்கிழமை டிராகனை அழித்தபோது
கீழே லேத்து நின்றிருந்தது,
மவுஸ் சத்தம் எனக்கே கேட்டது.

டை அடிக்கிற சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.
"ஏனுங்க அம்மணி, மிச்சம் வெறும் அட்டைதானுங்களே?"
வெறும் அட்டைக்கும்
விட்டுவைத்த வெள்ளைக்கும் வித்தியாசம் உண்டுங்க என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
என்ன வித்தியாசமென்று யோசித்தேன்.

ஒரு கொக்கு மட்டும் போடலாம் என்று மெயில் வந்தது.
நீண்ட ஆயுளுக்காம்.
கொக்குதானே!
ஞாயிறு விடியலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு
சிங்காநல்லூர் குளத்துக்குப் போனேன்.
ஆகாயத்தாமரை மேல், நுரைக்குப் பக்கத்தில்,
எண்ண முடியாத கொக்கு.
நாற்பது படம் எடுத்து
ஒன்றை ஒரே கோட்டில் வரைந்து அனுப்பினேன்.

லியூ சிரித்தாள், முதல் தடவையாக.
"இது எங்கள் பறவை இல்லை.
உங்களுடையது கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கிறது.
எங்களுடையது நீட்டிக்கொண்டு."

பிறந்ததிலிருந்து பார்க்கிறேன் கொக்கை.
அது கழுத்தை என்ன செய்கிறது என்று பார்த்ததில்லை.

மடிந்ததை நிமிர்த்தினேன்.
ஒரு கோடு.
உச்சியில் ஒரு சிவப்புப் பொட்டு,
ஃபாயில் வேண்டாம், வெறும் மை.
மீதி வெள்ளை.
"இது" என்றாள் லியூ.

பின்பக்கத்துக்கு வாசகம் வந்தது:
சேர்மானம், செஞ்சோளம், கோதுமை, தண்ணீர்.
சோளமா?
காங்கேயத்துக்கு அந்தண்டை எங்கள் மேட்டாங்காட்டில்
மாட்டுக்கென்று விதைக்கிற சோளம்,
மழை ஏய்த்தால் கதிருக்குக் காத்திராமல்
தட்டாகவே அறுத்துப் போர் போடுகிற சோளம்,
அங்கே குழிக்குள் மாதக்கணக்கில் புளித்துக்கிடந்து
இந்த விலைக்கு எழுந்து வருகிறது.
மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
"மெதுவாப் பேசு, மாடு கேட்கப்போகுது" என்றார்.

லோடு ஏற்றும் மாரண்ணன்
ஆறு மணிக்கு மேல் வாங்கி வருவது
நேற்றைய பேப்பரில் சுற்றியது,
வேட்டி மடிப்பில் செருகியது.
ஒட்டிய பேரை அவர் படித்ததே இல்லை.
திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்கிற ஸ்டிக்கரை மட்டும்
கிழியாமல் காப்பாற்றுவார்.
லியூ அதைப் பார்த்திருந்தால்
ஒன்றையும் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டாள்.

சாம்பிள் புட்டி வந்து சேர்ந்தது.
வெள்ளைப் பீங்கான்.
சுங்கத்துக்குப் பயந்து காலியாக.
போட்டுப் பார்க்கக் கனம் வேண்டுமே?
எங்கள் குழாயில் பில்லூர்த் தண்ணீர்.
அது சரிப்படாதென்று சென்னியப்பன்
செல்வபுரத்து வீட்டிலிருந்து
சிறுவாணி கொண்டுவந்து நிரப்பினார்.

இடுப்புயரத்திலிருந்து விட்டோம்.
தலைகீழாக, பக்கவாட்டில், விளிம்பு படும்படி,
பத்தாவது தடவை மூலை படும்படி.
பெட்டியைப் பிரிக்க யாருக்கும் கை வரவில்லை.
மாரண்ணன்தான் பிரித்தார்.
உடையவில்லை.
வெளியே ஒரு முனை மட்டும் நசுங்கியிருந்தது,
பறவைக்கு எட்டாத முனை.

பிறகு அவரே மூடியைத் திருகி
டீ கிளாஸ்களில் ஊற்றினார்,
கண்ணை மட்டத்துக்கு இறக்கி,
நாலு பேருக்கும் ஒரே அளவு.
தன்னுடையதை ஒரே மடக்கில் குடித்து
முகம் சுளித்து
புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"காட்டமுங்க."