ஆயிரத்தெட்டு

காமலாபுரம் ஓடுபாதை
கடலிலிருந்து ஆயிரத்தெட்டு அடி.
இன்று காலை கோபுரம் சொன்ன காற்றழுத்தமும்
ஆயிரத்தெட்டு.
குமிழைத் திருகி
உயரமானியின் குட்டி ஜன்னலில் எண்ணை வைத்தேன்.
முள் நகர்ந்து ஆயிரத்தைத் தாண்டி
மயிரிழை தள்ளி நின்றது.
சரி.

கடலை நான் பார்த்தது இரண்டே முறை.
எங்கள் பக்கம் அடி என்றால்
கீழே போகிற அடி.
அண்ணன் ஈஸ்வரமூர்த்தி ரிக் வண்டியோடு
விதர்பாவில் எங்கோ கிடக்கிறான்.
அவனுக்குப் பூச்சியம், மிதிக்கிற மண்.
எனக்கோ மூன்று மாவட்டம் தாண்டி
உப்புக் காற்றடிக்கும் ஒரு கோடு.

போன சித்திரையில்
திருச்செங்கோட்டில் எங்கள் காட்டிலேயே போட்டான்.
ஆயிரத்தெட்டாவது அடியிலும் புகைதான்.
பஞ்சாயத்து வேம்பு முழுக்க வெள்ளைப் பொடி.
"கடலுக்கும் கீழ போயிட்டயேண்ணா" என்றேன்.
தலைத்துண்டை உதறிக்கொண்டே கேட்டான்:
"அப்பறம் தண்ணி எங்க அம்மிணி?"

கோயமுத்தூருக்குப் போகிறேன், தென்மேற்கு.
மேற்கே போனால் இரட்டைப்படை ஆயிரம்,
கிழக்கே வந்தால் ஒற்றைப்படை.
முழு ஆயிரங்கள் கருவியை நம்பிப் போகிறவர்களுக்கு.
கண்ணை நம்பிப் போகிற எங்களுக்கு
மொய்க் கவரில் வைக்கிற ஒத்த ரூபாய் மாதிரி
மேலே ஓர் ஐந்நூறு.
நாலாயிரத்து ஐந்நூறு.

சங்ககிரி மலை இடதுபுறம் நகர்ந்தது.
பவானியில் இரண்டு ஆறும்
நிறம் சேராமல் கொஞ்ச தூரம் ஓடின.
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று.
அதற்கு மூக்கைக் கொடுத்து
நண்டு மாதிரிச் சாய்ந்து போனேன்.
மூக்கு பார்க்கிற திசை இங்கே கணக்கில்லை.
தரையில் விழும் பாதைதான் கணக்கு.

பெருந்துறைக்கு மேலே
எதிரே ஒரு விளக்கு.
பர்வீன், சேலம் திரும்புகிறாள்,
ஐயாயிரத்து ஐந்நூறில்.
அவள் வயிற்றைப் பார்த்தேன், என் முதுகைப் பார்த்திருப்பாள்.
நடுவே ஆயிரம் அடி.
அப்புறம்தான் உறைத்தது,
அவள் ஜன்னலில் என்ன எண்ணோ?
இரண்டு பேரும் ஒரே கடலை நம்பினால்தான்
அந்த ஆயிரம் ஆயிரம்.

கோயமுத்தூர் சொன்னது: ஆயிரத்தைந்து.
திருகினேன். மூன்றே மூன்று பல்.
நான் இம்மியும் இறங்கவில்லை,
முள் எண்பதுசொச்சம் அடி இறங்கியது.
இத்தனை நேரமும் அவ்வளவு தாழத்தான்
வந்துகொண்டிருந்திருக்கிறேன்,
நாலாயிரத்து ஐந்நூறு நாலாயிரத்து ஐந்நூறு என்று
வானொலியில் சத்தியம் பண்ணிக்கொண்டு.
பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது.
முள்ளைத்தான் படித்தேன்.
காற்று மெலிந்ததை
யாரும் முள்ளுக்குச் சொல்லவில்லை.

மத்தியானம் திரும்பும்போது
ஐயாயிரத்து ஐந்நூறில் மேகம்,
மூவாயிரத்து ஐந்நூறில் குலுக்கல்.
குலுக்கலை எடுத்துக்கொண்டேன்.
திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கூரைகளின் சூடு
இருக்கையை உதைத்தது.
சென்னிமலை கிட்டத்தில் தெரிந்தது,
படியேறுகிறவர்களின் குடை தெரிகிற அளவு
என்றால் நம்பமாட்டீர்கள்.
எனக்கு அப்படித்தான் பட்டது.

சேலத்தில் இப்போது ஆயிரத்து நான்கு.
திருகி வைத்தேன்.
சக்கரம் தொட்டபோது முள்
ஆயிரத்தெட்டுக்கே வந்திருந்தது.

இரவு அண்ணன் கூப்பிட்டான்.
பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.
"எத்தன அடீல வந்தே?"
"மூவாயிரத்து ஐந்நூறு."
"எங்கிருந்து?"
சொன்னால் சிரிப்பான்.
"உனக்கு?" என்றேன்.
"எழுநூத்தி இருவது. இரு இரு, வெச்சர்றேன்,
பொடி ஈரமா வருது."